நாலு தரம் குடித்த பால்

தாத்தா,

இந்த நேரத்தில் எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். கட்டாரில் கொஞ்சம் முந்திய நேரம்தான் என்றாலும், நீங்களும் பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு இப்போதுதான் சரிந்திருப்பீர்கள். பகலில் எழுதப் பார்த்தேன். இரண்டு வரி எழுதுவதும் அழிப்பதுமாகவே போயிற்று.

இன்று பின்னேரம் நீங்கள் இருந்த கீழ்வீட்டில் யாரோ வெந்தயம் வறுத்தார்கள். வாசம் படியேறி வந்ததும் நீங்கள்தான் வந்துவிட்டீர்கள் என்று நினைத்து, மகளையும் தூக்கிக்கொண்டு பாதிப் படி இறங்கிவிட்டேன். அங்கே இப்போது பேராதனையில் படிப்பிக்கிற ஒருவரும் மனைவியும் குடியிருக்கிறார்கள். அந்தப் பெண் கதவைத் திறந்து என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றுமில்லை, சும்மா என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஏறினேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, நீங்கள் போனபோது நான் ஒழுங்காகப் போய்வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

உங்களைத் தாத்தா என்று கூப்பிட முதலில் எனக்கு வாய் வரவில்லை. எங்கள் பக்கம் அது கிழவருக்குரிய பெயர். "எங்கட ஆக்கள் மூத்த சகோதரியை அப்பிடித்தான் செல்ற. ஒங்களுக்கு ஏலாட்டி அக்காண்டு கூப்புடுங்க, நான் என்ன கொறைஞ்சா போயிருவன்" என்றீர்கள். அன்று நான் நிறைமாதம். உங்கள் சின்னவன் இடுப்பிலிருந்தபடி உங்கள் முந்தானையை இழுத்துக்கொண்டிருந்தான். "இவன் கண்டுக்குட்டி" என்று சிரித்தீர்கள். பால் என்பது அவ்வளவு லேசான விஷயம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பட்டப்படிப்பு முடித்தவள் நான். ஆசுபத்திரியில் தந்த புத்தகத்தை இரண்டு தரம் வாசித்து, முக்கியமான இடங்களில் கோடும் போட்டு வைத்திருந்தேன்.

பிள்ளை வந்த பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். காம்பு வெடித்து, அவள் வாயை வைக்கும்போதெல்லாம் நான் தலையணையைக் கடிப்பேன். அவள் இரண்டு இழுவை இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பி அழுவாள். மாமி யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கியவுடனே அடுப்பைப் பிடித்துக்கொண்டார். உள்ளி, முருங்கையிலை, சரக்கு அரைத்த கறி. எல்லாவற்றுக்கும் மேலே சுறா. "சாப்பிடு பிள்ளை, பால் ஊறும்" என்று கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு, நான் விழுங்கும்வரை நிற்பார். அவர் அன்பாகத்தான் செய்தார். எனக்கோ ஒவ்வொரு கோப்பையும் சோதனைத் தாளைப் போல இருந்தது. பிள்ளை பார்க்க வருகிறவர்களும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்கள், "பால் காணுதோ?" பிள்ளையின் பெயரைக்கூட அதற்குப் பிறகுதான் கேட்பார்கள். நான் ஓம் என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய், பிழிந்து பார்ப்பேன். கரண்டியின் அடி மட்டும் நனையும்.

கிளினிக்கிலிருந்து வந்த தாதி மிஸ்ஸி பிள்ளையை நிறுத்துப் பார்த்தார். பிறந்த நிறையைவிடக் குறைவு. அவர் ஒன்றும் ஏசவில்லை. பிள்ளையின் வாயில் காம்பு மட்டும் போனால் போதாது, கறுத்த பகுதியும் போக வேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டினார். அவர் இருக்கும்வரை சரியாக வந்தது. படலையைச் சாத்திக்கொண்டு அவர் போனதும் பிள்ளை மறந்துவிட்டாள், நானும் மறந்துவிட்டேன்.

கண்டியில் நல்ல பால்சுறா கிடைக்கிறதில்லை என்று மாமிக்குப் பெரிய மனக்குறை. பஸ் பிடித்து மீன் சந்தைக்குப் போய், அங்கே எல்லாக் கடையிலும் ஏறி இறங்கி வருவார். அப்படி அவர் போயிருந்த ஒரு காலையில்தான் நீங்கள் மேலே வந்தீர்கள். எனக்குக் காய்ச்சல். ஒரு பக்கத்து மார்பு கல்லாக இறுகிச் சிவந்திருந்தது. பிள்ளை அழுது அழுது குரல் உடைந்து, பூனைக்குட்டியின் சத்தம் மாதிரித்தான் வந்தது.

"மாமி எங்க?"

"சுறா வாங்கப் போட்டா."

"சுறா வந்து சேரும் மட்டும் இந்தப் புள்ள தாங்குமா?" என்றீர்கள். பிறகு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தீர்கள். "நான் குடுக்கவா தங்கச்சி?"

நான் உடனே தலையாட்டிவிட்டேன். நீங்கள் பிள்ளையை எடுக்கவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கடை எழுதி வாங்க வந்தவர் மாதிரிப் பேசினீர்கள். "எங்கட மார்க்கத்துல இது சும்மா காரியமில்ல. ரெண்டு வயசுக்குள்ள வயிறு நெறைய அஞ்சு தரம் குடிச்சா இவ எனக்கும் புள்ள. எண்ட மகன்மார் ரெண்டு பேரும் இவக்கு சொந்த நானாமார், கூடப்பொறந்த மாதிரி. பெறகு கலியாணம் காச்சி எண்டு பேச ஏலா. எங்கட அவருட்ட நான் கேட்டுட்டுத்தான் வந்த. நீங்களும் ஒங்கட ஆள்ட்ட கேட்டுக்கோங்க."

காய்ச்சலோடும் எனக்குச் சிரிப்பு வந்தது. தொட்டிலில் கிடக்கிறவளுக்குக் கலியாணமா? நீங்கள் சிரிக்கவில்லை. "அவர் ஒண்டும் சொல்லமாட்டார் தாத்தா" என்றேன். அவரிடம் கேட்பதென்றால் எனக்குப் பால் இல்லை என்றும் சொல்ல வேண்டும். அதை நான் அதுவரைக்கும் யாருக்கும் வாயால் சொன்னதில்லை.

அவள் விழுங்கும் சத்தத்தை அன்றுதான் முதலில் கேட்டேன். களுக், களுக் என்று, இடையில் மூக்கால் ஒரு மூச்சு, திரும்பவும் களுக். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பிள்ளையின் பசி ஆறுகிறதே என்ற நிம்மதியோடு இன்னொன்றும் இருந்தது, தாத்தா. உங்கள் கையிலிருந்து அவளைப் பறிக்க வேண்டும் போலிருந்தது. உங்களுக்கு அது விளங்கியிருக்கும். பாதியில் அவளை என் பக்கத்தில் கிடத்தி, "இப்ப ஒங்கட்ட புடிக்கட்டும். பசி கொஞ்சம் ஆறின புள்ளதான் ஒழுங்கா புடிக்கும், பேய்ப்பசியில ஈக்கிற புள்ள கடிக்கத்தான் பாக்கும்" என்றீர்கள். பிடித்தாள். நோவு இருந்தது, ஆனால் தலையணை தேவைப்படவில்லை. மிச்சத்தை மறுபடி உங்களிடம் குடித்துவிட்டுத் தூங்கினாள்.

அதற்குப் பிறகும் மாமி சந்தைக்குப் போகும் நாட்களில் வந்தீர்கள். கட்டி இளகியது, காய்ச்சல் விட்டது. ஒரு நாள் என் மார்பிலிருந்தே அந்தச் சத்தம் வந்தபோது நீங்கள்தான் எனக்கு முதலில் சொன்னீர்கள், "கேக்குதா?" மாமி சுறாவுக்கு நன்றி சொன்னார். நீங்கள் அடுத்த நாள் என் காதில், "ஒங்கட ஆக்கள் சுறாவ நம்புற, எங்கட ஆக்கள் வெந்தயத்த நம்புற. ரெண்டுமில்லாம மாடு என்னமாக் குடுக்குது" என்றீர்கள். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

ஐந்தாவது தரத்துக்கு முதல் நிறுத்தினீர்கள். பிள்ளை மடியில்தான் இருந்தாள். "நாலாச்சு. இண்டைக்கு குடிச்சா பெறகு மாத்த ஏலா. நல்லா யோசிச்சு செல்லுங்க" என்றீர்கள்.

"அப்ப இவ்வளவும் காணும் தாத்தா. இனி பால்மாவும் சேர்த்துச் சமாளிப்பன்."

ஊர் என்ன சொல்லும், மாமி என்ன சொல்லுவார் என்ற பயம் இருந்தது உண்மை. ஆனால் அது சின்னக் காரணம். என் பிள்ளைக்கு நானே இன்னும் சரியாகத் தாயாகவில்லை, அதற்குள் இன்னொரு தாயா என்றுதான் நினைத்தேன். பாலை வாங்கிக்கொண்டேன். உறவை வேண்டாம் என்றேன். நீங்கள் பிளவுஸைப் பூட்டிக்கொண்டு, "சரி, அது ஒங்கட விருப்பம்" என்று சொல்லிவிட்டு, ஊற்றி வைத்த தேத்தண்ணியை ஆற அமரக் குடித்துவிட்டுத்தான் போனீர்கள். பிறகும் வந்தீர்கள், சட்டை மாற்றினீர்கள், குளிப்பாட்டினீர்கள். அதுவரை "எங்கட புள்ள எழும்பிட்டாவா?" என்று கேட்டுக்கொண்டு படியேறியவர், அன்றிலிருந்து "ஒங்கட புள்ள" என்றீர்கள். வீட்டைக் காலிபண்ணும் நாளில்கூட அப்படித்தான் சொன்னீர்கள். எனக்கு உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிள்ளைக்கு நித்திரை என்று சொல்லிக் கதவைப் பாதி சாத்திக்கொண்டேன். சாமான் ஏற்றிய வேன் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துப் பக்கம் திரும்பும்வரை ஜன்னலில்தான் நின்றேன்.

இன்று படியிலிருந்து திரும்பி வந்தபின் பிள்ளையின் அப்பா ஏன் முகம் ஒரு மாதிரி என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். "நீர் ஏன் எனக்கு அப்பவே சொல்லேல்லை? பால் இல்லையெண்டா என்ன, நான் உம்மை விட்டிட்டுப் போயிடுவனோ?" என்றார். பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "ரெண்டு தமையன்மார் கிடைச்சிருப்பினம் இவளுக்கு" என்றார். மாமிக்கு ஃபோன் எடுத்து அவரே சொன்னார். நான் காதைப் பொத்தாத குறை. மறுமுனையில் மாமி எல்லாவற்றையும் இரண்டு தரம் கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்ப நான் கண்டி முழுக்கச் சுறா தேடி அலைஞ்ச நேரமோ?" என்றார். ஃபோனை வைப்பதற்கு முதல், "அந்தப் பிள்ளைக்கு ஒரு வாய் சாப்பாடுகூட நான் குடுக்கேல்லையே" என்றார்.

பிள்ளை இப்போது தவழுகிறாள். பாதி என் பால், பாதி போத்தல். பஸ்ஸில் போத்தலை வெளியே எடுக்க இன்னும் எனக்குக் கூச்சம்தான், சேலைத் தலைப்பால் மூடித்தான் கொடுக்கிறேன். உங்களிடம் குடித்தபோது கேட்ட அந்த முதல் சத்தம் மட்டும் எனக்குள் அப்படியே இருக்கிறது. அதற்கு அன்று முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தேன்.

அந்த ஐந்தாவது தரத்துக்கு அவருக்குச் சம்மதம், தாத்தா. எனக்கும் சம்மதம். இரண்டு வயதுக்குள் என்றுதானே சொன்னீர்கள். பெருநாள் லீவுக்கு உங்கள் ஊர் அக்குறணைக்கு வருவீர்கள் என்று உங்கள் தம்பி, அவருடைய கடைக்கு நான் போனபோது சொன்னார். சின்னவனைப் பால் மறக்கடித்துவிட்டீர்களா, உங்களுக்கு இன்னும் பால் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் உங்களுக்கு மனம் இல்லாமல் போயிருக்கலாம். எதுவென்றாலும் பரவாயில்லை, கெதியாக ஒரு பதில் போடுங்கள்.