மாறியிருந்த அன்டனா

அன்புள்ள அம்மாவுக்கு, கலவானயிலிருந்து தவமலர். நான் சொகமா இருக்கேன். உங்க முழங்கால் வலி கொறஞ்சுதா? போன்ல பேசினா பக்கத்து அறைக்குக் கேக்கும், அதான் எழுதுறேன்.

பயப்பட ஒன்னுமில்ல. பிள்ளைக்காம்பராவுல தோட்டத்துப் பிள்ளைங்களப் பார்த்துக்கிற வேலை முடிஞ்சதும், நான் லைசன்ஸ் எடுத்த அமெச்சூர் ரேடியோவுல மழை எவ்வளவுன்னு இரத்தினபுரி அனர்த்த ஆபிசுக்குச் சொல்லுவேன், மழைக்கு இங்க போன் அடிக்கடி செத்துப்போகும். மழை கூடினா, அவங்க சொன்னதும் மண்சரிவுக்குப் பயந்து மேட்டு லயத்து வீடுகள்ல இருக்கிற ஆளுங்களக் கீழ எறக்கணும், கொழுந்து பறிக்கிற வேலையும் நிக்கும், தோட்டத்துக்கு நட்டம்.

மூணு நாளா அவங்க பேசுறது எனக்குக் கேட்டுச்சு, நான் பேசுறது அவங்களுக்குச் சரியா கேக்கல. பேட்டரிய சார்ஜ் பண்ணேன், பவரக் கூட்டினேன், மேட்டுல ஏறி நின்னும் பேசினேன். கடைசியில அன்டனாவக் கழட்டிப் பார்த்தா, அது வேற செட்டோடது. என்னோடது தோட்டத்து ஆபிஸ் மேசை லாச்சியில கெடந்துச்சு.

"தொடைக்கிறப்ப மாறியிருக்கும் மிஸ்"னு கிளாக்கர் சுரேந்திரன் சிரிச்சாரு. தொடைக்க யாராச்சும் அன்டனாவக் கழட்டுவாங்களா?

என்னோடத மாட்டினதும் இரத்தினபுரியில தெளிவா கேட்டுச்சு. அன்னைக்கே பத்துக் குடும்பத்த ஸ்கூலுக்கு எறக்கிட்டோம். அதுக்கப்புறம் அவரு என் மொகத்தப் பார்க்கிறதில்ல.

இந்தப் பக்கம் வர்றவங்ககிட்ட கொஞ்சம் கருவாடும், ரேடியோ பொட்டிக்கு ஒரு பூட்டும் குடுத்துவிடுங்க. ரெண்டு சாவியில ஒன்ன நீங்களே வச்சுக்கங்கம்மா, இங்க நம்பிக் குடுத்து வைக்க எனக்கு ஆளில்ல.

கடுதாசி குடுத்துவிடுற பஸ் வருது, இதோட நிறுத்துறேன்.

மலர்