ஓடிய மை

மார்ச் 3, 1874, செவ்வாய்

காலையிலேயே சரக்குக் குமாஸ்தா பில்லிங் வந்து கத்திவிட்டுப் போனார். அவருடைய முதலாளிக்காகப் போன வாரம் நான் வெட்டிக் கொடுத்த எழுத்துத் தகடு, ‘ஆளி விதை எண்ணெய்’. அதை வைத்துப் பீப்பாய்களில் அடித்த எழுத்தெல்லாம் ஓடுகிறதாம். “உன் மை சரியில்ல டார்கஸ். உங்கப்பா இருந்தா இப்படி நடக்குமா?” என் மையையா? விளக்குக்கரியும் தாரும் கலந்து நானே காய்ச்சும் மை. இந்த லிவர்பூல் துறைமுகத்தில் அதைக் குறை சொன்ன ஆள் கிடையாது. எழுத்து ஓடினால் வெட்டியவளே மைச்சட்டியோடு போய்த் திருத்தித் தரவேண்டும், அது எங்கள் தொழில் வழக்கம். நாளைக்குப் போகிறேன். போய்க் காட்டுகிறேன்.

தம்பி ஏனோக்குக்குச் சிரிப்பு. “அக்கா, அது என் கப்பலுக்கு ஏத்தற சரக்குதான். பம்பாய் போய்ச் சேரும்போது வெறும் பீப்பாய்தான் இருக்கும் போல.” லேடி டன்மோரோவில் மாலுமியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். பக்கத்து வீட்டு ஸ்கெரிட் அம்மாவின் மகன் பார்னி அதே கப்பலில் சமையல்காரன்.

மார்ச் 4

மை ஓடியது உண்மைதான். ஆனால் எல்லா இடத்திலும் இல்லை, பலகைகள் சேரும் இடுக்கில் மட்டும். துடைத்துவிட்டுப் புதிதாக அடித்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடுக்கை ஒட்டிய எழுத்து இளகி வழிந்தது. குனிந்து முகர்ந்தேன். தகடு கழுவ என் கடையில் ஒரு புட்டி வைத்திருக்கிறேனே, அதே நெடி. நாப்தா.

“உள்ள என்ன இருக்கு?”

“தகடுல என்ன இருக்கோ அதுதான்” என்றார் பில்லிங். “மழையில ஓடுது. வேற என்ன?”

ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும் சரக்கு அது. நாப்தா என்று எழுதினால் மேல்தளத்தில்தான் வைப்பார்கள், பல கப்பல்கள் ஏற்றவே மாட்டார்கள். எண்ணெய் என்றால் கீழே இருட்டறையில் அடுக்கிவிடலாம். கேள்வி கிடையாது. நான் கிளம்பும்போது அவர் மெதுவாகச் சொன்னார்: “பொய்யா எழுதினா தண்டனைன்னு புதுச் சட்டம் வந்திருக்கு, தெரியுமில்ல? எழுத்து வெட்டினது யாரு, யோசிச்சுக்கோ.”

யோசித்தேன். வீடு வரும்வரை வேறு எதையும் யோசிக்கவில்லை.

மார்ச் 5

லேடி டன்மோரோவின் கேப்டன் கார்ஸ்டாங்கைப் பார்த்தேன். மரியாதையான மனிதர், நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். சந்தேகம் வந்தால் பீப்பாயைத் திறந்து பார்க்கவும், ஏற்ற மறுக்கவும், நடுக்கடலில் தூக்கி எறியவும்கூடச் சட்டம் அவருக்கு உரிமை கொடுத்திருக்கிறது. சொன்னேன்.

“சந்தேகப்படலாம்னு சட்டம் சொல்லுது. சந்தேகப்பட்டே ஆகணும்னு சொல்லலையேம்மா. மை ஓடினா நான் மைக்காரியத்தான் சந்தேகப்படுவேன். சரக்கைத் தொறந்துட்டு உள்ள எண்ணெய் இருந்தா கப்பல் முதலாளிக்கு யார் பதில் சொல்றது, நீயா?”

துறைமுக அலுவலகத்திலும் அதையேதான் சொன்னார்கள். கேப்டன் முடிவு.

மார்ச் 6

கை ஓடவில்லை. இரண்டு தகடுகளைத் தப்பாக வெட்டி எறிந்தேன்.

மார்ச் 7, சனி

ஏனோக்கிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்ட மாலுமி கப்பல் ஏற மறுத்தால் சிறை. ஆனால் மாலுமிகளில் நாலில் ஒரு பங்கு பேர் சேர்ந்து முறையிட்டால் கப்பலைச் சோதித்தே ஆகவேண்டுமாம். இவனோடு நாலு பேர் தேறினார்கள். கப்பலில் மொத்தம் இருபது மாலுமிகள், ஐந்து பேர் வேண்டும். பார்னியைக் கேட்டோம்.

“நாப்தாவா? நான்தானே அடுப்புப் பத்தவைக்கறவன், எனக்குத் தெரியாதா?” என்று முதலில் சிரித்தான். அப்புறம் முகம் மாறியது. வரலாமா வேண்டாமா என்று நின்றான். ஸ்கெரிட் அம்மா உள்ளேயிருந்து வந்துவிட்டாள். “ஏண்டி, உன் மை கெட்டுப்போச்சுன்னு ஒத்துக்க மானம் போகுது, அதுக்கு என் பிள்ளை ஜெயிலுக்குப் போகணுமா? பார்னி, நீ உள்ள போ.”

போய்விட்டான்.

மார்ச் 9

கப்பல் கிளம்பிவிட்டது. நாலு பேரில் மூன்று பேர் கடைசியில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஏறிவிட்டார்கள். ஏனோக்கு ஏறவில்லை. மாஜிஸ்திரேட் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “ஒருத்தன் சொல்றதுக்காக ஒரு கப்பலை நிறுத்தணுமா?” பத்து வாரம் சிறை.

என் பேச்சைக் கேட்டுப் போனான். என் மூக்கை நம்பிப் போனான்.

மார்ச் 15

கோவிலில் ஸ்கெரிட் அம்மா என் பக்கத்தில் இருந்து எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். “கோழையோட அக்கா” என்றது என் காதில் விழத்தான்.

மார்ச் 22

சிறையில் ஏனோக்கைப் பார்த்தேன். மொட்டைத் தலை, பழைய கயிறு பிரித்துப் பிரித்து விரலெல்லாம் புண். ஒன்றே ஒன்றுதான் கேட்டான். “அக்கா, நிச்சயம்தானே?”

“நிச்சயம்டா” என்றேன்.

நிச்சயமா?

ஏப்ரல் 2

சோதித்துப் பார்த்தேன். ஒரு மரத்துண்டில் என் மை, மேலே ஆளி எண்ணெய்: ஓடவில்லை. இன்னொன்றில் நாப்தா: உடனே ஓடியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். மூன்றாவதை மழையில் வைத்தேன். ஈர மரத்தில் அடித்ததாலோ என்னவோ, அதுவும் கொஞ்சம் ஓடியது. கொஞ்சம்தான். அன்றைக்கும் மழை பெய்ததே. நெடி? அது என் கையிலேயே எப்போதும் இருக்கிறது. ஐயோ, என் கை நெடியையா முகர்ந்தேன்?

ஏப்ரல் 19

எழுதத்தான் வேண்டும், யாரிடம் சொல்ல? இன்று பிரார்த்தனையில் கண்ணை மூடினால் கப்பல் எரிவதுபோல் தெரிந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு நொடிதான். கப்பல் பத்திரமாகப் போனால் தம்பி வீணாகச் சிறையில் கிடக்கிறான், நான் அவனைக் கெடுத்தவள். எரிந்தால் நான் சொன்னது சரி. சரியாக இருப்பதற்காக ஒரு கப்பல் ஆட்களையே பலி கேட்கிறேனா நான்? பார்னிக்கு என் வீட்டு ஸ்கவுஸ் குழம்பு என்றால் உயிர். ஞாயிறு தவறாமல் கிண்ணத்தோடு வந்து நிற்பான்.

என் மை கெட்டதாகவே இருக்கட்டும், கடவுளே.

மே 18

ஏனோக்கு வந்துவிட்டான். எந்தக் கப்பலிலும் எடுக்க மாட்டேன் என்கிறார்கள். கடையில் உட்கார்ந்து என் தகடுகளைத் தேய்க்கிறான்.

மே 27

பில்லிங் வேறு கடைக்கு மாறிவிட்டார். போகட்டும்.

ஜூன் 4, வியாழன்

லிஸ்பனிலிருந்து தந்தி. லேடி டன்மோரோ கனாரித் தீவுகளைத் தாண்டி எரிந்துபோயிற்று. விடியற்காலை, சமையலறை அடுப்புப் பற்றவைத்த நேரம். ஒரு படகில் இருந்தவர்களை மட்டும் வேறொரு கப்பல் எடுத்திருக்கிறது. பார்னி அதில் இல்லை.

ஏனோக்கு கடைக் கதவைச் சாத்திவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது என்றுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஜூன் 20

விசாரணை முடிந்தது. பீப்பாய்கள் கடலுக்கடியில். உள்ளே என்ன இருந்தது என்று யார் நிரூபிப்பது? நான் சாட்சி சொன்னேன். எழுத்து வெட்டியது நான்தான் என்று நானே சொன்னேன். பில்லிங் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேப்டன் மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை. செத்துப்போனவர் மேல் எதற்கு?

ஜூன் 28, ஞாயிறு

ஸ்கெரிட் அம்மா வந்தாள். மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று அவள் இந்த வாசற்படி மிதித்து. கையில் ஒரு பலகை. பார்னியின் பழைய பெட்டி மூடி.

“புதைக்க ஒண்ணும் இல்ல. கோவில் சுவத்துல மாட்டணும். அவன் பேரு வெட்டித் தருவியா?”

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஏனோக்கு டீ கொடுத்தான். அவள் அவன் கையைப் பிடித்தாள், விடவே இல்லை.

“அஞ்சாவது ஆளா அவன் வரத்தான் இருந்தான். நான்தான் உள்ள போன்னேன்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகத் தகடு எடுத்து வெட்டினேன். மை காய்ச்சினேன். ஏனோக்கு பலகையைப் பிடித்துக்கொண்டான், நான் அடித்தேன். வெளியே மழை. காயும்வரை மூவரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

எழுத்து ஓடவில்லை.