கோமதியின் படிப்பும் இரண்டாவது வண்டியும்

12.6.86, வியாழன்

சங்ககிரி. காலையில் தூறல். தார்ப்பாய் நனைந்து ஒரே கனம். லோடு இல்லை. கிரீஸ் அடிக்கணும், பேட்டரித் தண்ணீர், பின்டயர் நான்கில் இரண்டு தேய்ந்துவிட்டன.

கோமதிக்குக் கடிதம் வந்துவிட்டது. புதிதாக ஆரம்பித்த காலேஜ். கம்ப்யூட்டர் படிப்பு, நான்கு வருடம். நன்கொடை, பீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து அறுபதாயிரம். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தேன். அப்போதும் அறுபதாயிரம்தான்.

கையில் இருபத்தைந்தாயிரம். இரண்டாவது லாரிக்கு முன்பணமாக நான்கு வருடம் சேர்த்தது. எதற்கானாலும் மீதிக்குக் கடன்தான். மகளைப் படிக்க வைப்பதா, லாரி வாங்குவதா? அவள் அம்மா சரசுவிடம் சொன்னேன். ரசத்தில் உப்பை இரண்டு தடவை போட்டாள்.

14.6.86, சனி

நல்ல வெயில். பள்ளிபாளையம் நூல் மில்லில் பஞ்சு இறக்கம். அங்கே கம்ப்யூட்டர் உண்டு என்று கேள்வி. ஆபீஸர் ஜோசப் சார், சேலத்துக்காரர், பழக்கமானவர். மகள் விஷயத்தைச் சொன்னதும் உள்ளே கூட்டிப்போனார்.

வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். தூசி ஆகாதாம். உள்ளே மார்கழிக் குளிர். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. என் வண்டி நம்பரைக் கேட்டு அவரே தட்டினார். இந்த வருடம் நான் இறக்கிய ஒவ்வொரு லோடும் தேதி, எடை, வாடகையோடு வரிசையாக வந்து நின்றது. பிப்ரவரியில் இரண்டு பேல் பஞ்சு ஈரம் என்று வாடகையில் பிடித்தார்களே, அதுகூட. எனக்கே மறந்துபோனது. நான் கைகட்டி நின்றிருந்தேன் என்பது வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. கல்கத்தா வரை ஓட்டியவன். இப்படி மலைத்து நின்றதில்லை.

இதைப் படிக்கப்போகிறவள் இன்னும் இதைப் பார்த்தது கிடையாது!

சம்பளம் விசாரித்தேன். ஆரம்பத்தில் ஆயிரத்து ஐந்நூறு கிடைக்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். "இந்த மெஷின் நம்ம பக்கம் இப்ப நாலஞ்சு இடத்துலதான் இருக்கு. அவ படிச்சு வர்றதுக்குள்ள எத்தனை வரும்னு எனக்கே தெரியலீங்க." நேர்மையான ஆள். பயமும் கூடியது, ஆசையும் கூடியது.

மலைப்பில் வாடகைப் பணம் வாங்க மறந்து கிளம்பிவிட்டேன். வெப்படை வந்துதான் ஞாபகம். திரும்பிப் போனேன். டீசல் தண்டம்.

16.6.86, திங்கள்

புழுக்கம். பைனான்ஸ்காரரிடம் போனேன். படிப்புக்கு என்றதும் சிரித்தார். "லாரின்னா டியூ கட்டாட்டி வண்டியத் தூக்கிட்டு வந்துருவனுங்க. படிப்ப எங்கீங்க போய்த் தூக்கறது? பொட்டப்புள்ள வேற. சம்பளம் வாரப்ப யாரூட்டுல இருக்குமோ."

சுருக்கென்றது. ஆனாலும் கேட்டு வந்தேன். இப்போதுள்ள வண்டியின் மேல் முப்பத்தைந்தாயிரம் தருவார். மாதம் 1,300, மூன்று வருடம். அவள் படித்து முடிக்கும் முன்பே நான் கட்டி முடிக்கணும்.

கணக்கு:

லாரி – டியூ, டீசல் போக மாதம் 2,000 மிச்சம், பழைய வண்டிக்கு டியூ கட்டிய காலத்தைப் போலவே. முதல் மாதத்திலிருந்து.

படிப்பு – நான்கு வருடம் சுழி. பிறகு 1,500. போட்டதை எடுக்க மட்டும் நாற்பது மாதம். அதுவும் வேலை கிடைத்தால்.

லாரிதான். சந்தேகமே இல்லை. சாப்பாடு இறங்கவில்லை.

18.6.86, புதன்

காற்று. வீடெல்லாம் மண்.

கணக்கைக் கோமதியிடம் நீட்டினேன். அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என் மேல் பழி வராதல்லவா. கேவலமான புத்தி, இங்கே எழுதிவைக்கிறேன்.

பென்சிலோடு உட்கார்ந்தாள். அழவில்லை. "ரெண்டாவது வண்டிய யாருங்கப்பா ஓட்டறது?"

டிரைவர் போட்டுக்கலாம் சாமி என்றேன்.

"அவரு சம்பளம், பேட்டா எல்லாம் இதுல எங்கீங்க?"

இல்லை. என் வண்டியை நானே ஓட்டுகிறேன், டிரைவர் சம்பளம் என்று ஒரு வரி நான் எழுதியதே கிடையாது. பன்னிரண்டு வருட நோட்டில் எங்கேயும் இல்லை. சங்ககிரியில் சொந்த வண்டி ஓட்டுகிற எவனும் எழுதியிருக்க மாட்டான்.

டிரைவருக்கு என்ன கொடுப்பார்கள் என்று கேட்டாள். ஆயிரத்து இருநூறு. கழித்தாள். எண்ணூறு. அதோடு விடவில்லை. பழைய வண்டிக்கும் கழித்தாள்.

"இந்த வண்டியும் எண்ணூறுதானுங்கப்பா சம்பாரிச்சுது. மீதி நீங்க சம்பாரிச்சது."

படிக்க வைக்கணும் என்பதற்காகச் சொல்லவில்லை, லாரி வாங்குவதானாலும் டிரைவர் சம்பளத்தைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுக் கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனாள்.

அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினேழு வயது. என் வீட்டில், என் மகள். மில்லில் பார்த்ததெல்லாம் இதற்கு அப்புறம்தான். ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் வெட்கம். இத்தனை வருடம் வண்டி எனக்குச் சோறு போடுகிறது என்றல்லவா ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை கும்பிட்டேன்.

சரசு எட்டிப் பார்த்து, என்ன முடிவு என்றாள். நாளைக்குப் பைனான்ஸுக்குப் போகச் சட்டை இஸ்திரி போடச் சொன்னேன்.

20.6.86, வெள்ளி

மேகமூட்டம், மழை இல்லை. நேற்று பைனான்ஸ்காரர் ஊரில் இல்லை, இன்றுதான் பார்க்க முடிந்தது. ஆர்.சி. புத்தகத்தை மேஜை மேல் வைத்தேன். புரட்டிப் பார்த்தார். ஏனுங்க, பிள்ளை படிப்புக்காக ஓடுகிற வண்டியை அடமானம் வைக்கிறீர்களே, யோசனை பண்ணினீர்களா என்று கேட்டார். பண்ணினேன் என்றேன்.

"டியூ நின்னா வண்டி போயிருமுங்க. அப்பறம் என்ன பண்ணுவீங்க?"

"வண்டிதானுங்க போகும். ஓட்டறவன் நானிருக்கறனுங்களே."

நிமிர்ந்து பார்த்தார். பேனாவை என் பக்கம் தள்ளினார்.