செவ்வாய்க்கிழமை மூட்டைகள்

என் கணக்குப்புலி மருமகளுக்கு, அத்தை எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் மூவரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று தெரிந்தால் நால்வரும் சுகம் என்று எழுதுவேன். குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது. நீ வந்ததும் காட்ட ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். சலவைக்கடையின் புது இயந்திரம் சத்தமே போடுவதில்லை. கடையை மூடிவிட்டோமோ என்று பக்கத்துக் கடைக்காரர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

நான் ஏன் பரிந்துரை எழுதவில்லை என்று நேற்று போனில் கேட்டாய். பதிலுக்குக் காத்திராமல், "பரவாயில்ல அத்தை, உங்களுக்கு நேரம் இருந்திருக்காது" என்று வைத்துவிட்டாய். அந்தப் பரவாயில்லைதான் முள்ளாகக் குத்துகிறது. கணினி ஆராய்ச்சிப் படிப்புக்கு உனக்கு இடம் கிடைத்துவிட்டது. உதவித்தொகையும் கிடைத்தால்தான் அந்த ஊர் வேலையை விட்டுவிட்டுப் படிக்க முடியும். இது எனக்குத் தெரியாதா? உன் வேலையை நேரில் பார்த்தவர் பரிந்துரை எழுத வேண்டும் என்று நீ கேட்டது என்னை, எழுதியது நம்மிடம் துணி வெளுக்கப் போடும் மருத்துவமனையின் மேட்ரன். ஏன் என்று போனில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன். உன் வீட்டுக்காரன் இதைப் படம் எடுத்து அனுப்புவான்.

படிவத்தை அவன்தான் திறந்து கொடுத்தான். உங்களிடம் வேலை பார்த்தவர்களில் இவர் முதல் இரண்டு சதவீதத்தில் வருவாரா என்று முதல் கேள்வி. நம் கடையில் இதுவரை வேலை பார்த்தவர்கள் மொத்தம் ஆறு பேர். அதில் இரண்டு சதவீதம் என்றால் ஒரு ஆளின் முழங்கை கூடத் தேறாது. சரி, ஆமாம் என்று போட்டேன். அடுத்த கேள்வி, விண்ணப்பித்தவர் உங்களுக்கு உறவா என்று.

"இல்லன்னு போடும்மா. ஆமான்னா எடுத்துக்க மாட்டாங்க. யாரு வந்து பாக்கப் போறா?" என்றான்.

விரலை வைத்துப் பார்த்தேன். நீ எனக்கு யாரும் இல்லை என்று அழுத்த மனம் வரவில்லை. ஆமாம் என்றே அழுத்தினேன். உறவினர் எழுதக் கூடாது என்று சிவப்பில் ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். கடைசி நாளுக்கு அப்போது மூன்றே நாள். உன் வீட்டுக்காரன் அன்று முழுக்க என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

உன் வேலையைப் பார்த்த வேறு ஆள் மருத்துவமனை மேட்ரன்தான். நீ கடையில் இருந்தபோது மூட்டையோடு அனுப்பிய பட்டியலைத் தினமும் சரிபார்த்தவர். அவருக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம் என்பது உனக்கே தெரியும். படுக்கை விரிப்பு குறைகிறது என்பார் அவர். உங்கள் வார்டு ஆட்கள் தொலைக்கிறார்கள் என்பேன் நான். நீ புரோகிராம் எழுதி, துணி வரும்போதும் காயும்போதும் மூட்டை கட்டும்போதும் எண்ண வைத்தாய். ஒரே மாதத்தில் செவ்வாய்க்கிழமைதான் குறைகிறது என்று அது காட்டிக் கொடுத்துவிட்டது. செவ்வாயன்று மூட்டை கட்டுவது யார்? கண்ணைக் கட்டிவிட்டாலும் கட்டுவேன் என்று பீற்றிக்கொள்ளும் இந்த அத்தை. அவர்கள் விரிப்புகளைக் கண் மருத்துவமனை மூட்டையில் வைத்துக் கட்டியிருக்கிறேன். வெளியே மூச்சு விடாதே என்று உன்னிடம் சொன்னேன். நீயும் விடவில்லை. தவறைத் திருத்தினோமே தவிர, உண்மையைச் சொல்லவில்லை.

அந்த மேட்ரனிடமே போய் நின்றேன். நான் கேட்டதை முழுதாகக் கேட்டார். பிறகு, "சும்மா நல்ல பொண்ணுன்னு எழுத மாட்டேன். அவ என்ன கண்டுபிடிச்சா, அதைச் சொல்லுங்க" என்றார்.

வேறு வழி இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

 "உங்க பேச்சை நம்பி ரெண்டு பேரை வார்டு மாத்தினேனே, அவங்களுக்கு என்ன சொல்றீங்க?" என்று மேட்ரன் கேட்டார். நேராக அவர்களிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். ஒருவர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். இன்னொருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கோபமும் நியாயம்தான்.

திரும்பி வந்தபோது மேட்ரன் ஆங்கிலத்தில் எழுதி முடித்திருந்தார். எனக்கு அர்த்தம் சொல்லிப் படித்தும் காட்டினார். தன் குடும்பத்துக் கடையின் தவறையே கண்டுபிடித்தவர், கணக்கு யாரைக் காட்டியதோ அவரிடமே போய்ச் சொன்னவர் என்று எழுதியிருக்கிறார். என் தவறை ஊரறிய ஒருவர் எழுதுகிறார், கேட்கும் எனக்கோ பெருமையில் கண் நிறைந்துவிட்டது. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வேன்!

வியாழக்கிழமை உதவித்தொகை நேர்காணலில் இதைக் கேட்டால், அத்தை மானம் போகும் என்று மழுப்பாதே. யாரைக் காட்டியது உன் புரோகிராம் என்று கேட்டால், என் மாமியாரை என்று நிமிர்ந்து சொல். சிரித்தால் சிரிக்கட்டும். குட்டியைப் பற்றியோ கடையைப் பற்றியோ கவலை வேண்டாம். நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன்.

கல்லூரியில் சேரும்போது இன்னொரு படிவம் தருவார்களாம். அவசரம் என்றால் யாரை அழைப்பது என்று கேட்பார்களாம். அதில் உறவினர் இருக்கலாமாம், விசாரித்துவிட்டேன். என் எண்ணை முதலில் போடு. உன் வீட்டுக்காரன் போனை எடுக்கவே மாட்டான்.

நீ நினைத்தது நடக்கட்டும் கண்ணு.

இப்போதெல்லாம் செவ்வாய்க்கிழமைகளில் இரண்டு முறை எண்ணும்
உன் அத்தை