சோற்றுக்கு அங்கே வலி என்று பெயர்

ஜூலை 7

ஸ்ரீதரும் சௌமியாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். தான்சானியாவில் இரிங்கா என்ற மலையூர். அங்கே ஒரு கிறிஸ்தவ சபையில் ஊழியம். என் மனைவி சுலோச்சனா அவரைக்காய் நறுக்கிக்கொண்டே ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான். கேட்டது. பேப்பரைத் திருப்பிக்கொண்டேன்.

அங்கே கடும் குளிராம். திருத்தணி வெயிலில் வளர்ந்த என் தம்பிக்கு வேண்டியதுதான்.

ஜூலை 9

கல்லூரியில் பிரேம்குமாரைத் துறைத்தலைவர் ஆக்கிவிட்டார்கள். என்னிடம் படித்தவன். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. கவனித்திருப்பார்கள். கவனிக்கட்டும்.

ஜூலை 12

சுலோச்சனா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சௌமியாவுக்கு அங்கே ஒற்றைத் தலைவலி. வாசலில் உட்கார்ந்து "வலி, வலி" என்று முனகியிருக்கிறாள். பக்கத்து வீட்டு அம்மாள் உள்ளே ஓடி, தட்டு நிறையச் சோறு கொண்டுவந்துவிட்டாளாம். அவர்கள் மொழியில் சோற்றுக்கு வலி என்று பெயர்.

"தல பொளந்துகினு கீது, அந்தம்மா ஊட்டி வுட்டுகினே கீறாங்கக்கா" என்றாள் ஸ்பீக்கரில்.

நானும் சிரித்திருப்பேன். வேறு யாருடைய தம்பி மனைவியாகவாவது இருந்திருந்தால்.

ஜூலை 16

ஸ்ரீதரை அங்குள்ள பையன்கள் காக்கா என்று கூப்பிடுகிறார்களாம். அண்ணன் என்று அர்த்தமாம்.

யாருக்கு எந்தப் பெயர் பாருங்கள்! நைனாவின் காரியத்தன்று நான் மொட்டை போட்டுக்கொண்டு நின்றேன். அவன் வாரிய தலை கலையாமல் வேலியோரம் நின்று ஜெபம் செய்தான். காக்காவுக்குச் சோறு வைக்கக் கூப்பிட்டதற்கு, "அதுக்கு வெச்சா நைனாவுக்குப் போவும்னு என்னால நம்ப முடியலணா" என்றான். அன்றோடு பேச்சு முடிந்தது.

அவன் நம்பிக்கையையா கேட்டேன்? பக்கத்தில் வந்து நில்லுடா என்றுதானே கேட்டேன்?

ஜூலை 19

சௌமியா அழுதாள். மொழி ஏறவில்லை. ஸ்ரீதர் பிரசங்கம் செய்தால் ஜனம் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போகிறதாம். அடுத்த வாரம் பாதிப் பேர்கூட வருவதில்லை. திரும்பி வந்துவிடலாமா என்று யோசிக்கிறார்கள்.

"தட்டுல கைய வெச்சுகினு அப்டியே உக்காந்துகிறாருக்கா. பாவா ஒரு வார்த்த பேசுனா போதும், தாங்கிடுவாரு."

பாவா நான்தான். சுலோச்சனா என்னைப் பார்த்தாள். மாடிக்குப் போய்விட்டேன்.

வரட்டுமே. வந்து நிற்கட்டும். அப்போது கேட்கிறேன் — என்ன கேட்பேன்?

ஜூலை 24. ஆடி அமாவாசை

மாடிச் சுவரில் இலை போட்டுச் சோறும் வடையும் வைத்துக் கூப்பிட்டேன். கா, கா. மலையிலிருந்து இறங்கிய குரங்கு ஒன்று வடையோடு போயிற்று. மறுபடி வைத்தேன். அதையும் குரங்கே எடுத்தது. காக்கா சாப்பிடாமல் இந்த வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. வெயில் ஏறியது. தொண்டை வறண்டது.

சுலோச்சனாவின் கையில் ஃபோன். ஸ்பீக்கரில் அவன் குரல்: "அண்ணி, காக்கா வந்துச்சா?"

நாள் நினைவிருக்கிறதாம் துரைக்கு. எனக்கு அடக்க முடியவில்லை.

"ஊரெல்லாம் காக்கானு பேர் வாங்கிகினு கீறியே, நீயே வந்து துன்னுட்டுப் போடா."

இத்தனை வருடம் கழித்து அவனிடம் பேசிய முதல் பேச்சு இது.

"அது மூத்தவனுக்குச் சொல்ற பேருணா" என்றான். "நம்ம வூட்டு காக்கா நீதான. நீ துன்னா நைனா துன்ன மாதிரி. அத நான் நம்புவேன்."

கீழே வந்து, இலை போடு என்றேன். பசி. வேறொன்றுமில்லை.

ஜூலை 25

பிரேம்குமார் வணக்கம் சொன்னான். பதிலுக்குச் சொன்னேன். வாய் தவறி.

ஜூலை 29

இரிங்காவிலும் காக்கா உண்டாம். மார்பு மட்டும் வெள்ளை. அங்கி போட்ட பாதிரியார் மாதிரியே இருக்கும் என்று ஸ்ரீதரே சொன்னானாம். சுலோச்சனா காய்கறிக் கூடையிடம் சொல்வதுபோல் சொன்னாள். ஊருக்குத் திரும்பும் பேச்சை இந்த வாரம் எடுக்கவில்லை என்றும்.

ஆகஸ்ட் 2

சுலோச்சனா மார்க்கெட் போகும்போது ஃபோனை வைத்துவிட்டுப் போயிருந்தாள். மறந்தாளா, வேண்டுமென்றேவா, தெரியவில்லை. அடித்தது. ஓயும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி அடித்தது.

எடுத்தேன்.

"அண்ணி?"

"அவ மார்க்கெட்டுக்குப் போயிகீறா" என்றேன். "காக்கா பேசுறேன்."