என் தலையில் நீ ஒட்டிய முடி

அன்புச் சிட்டுவுக்கு,

நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். நலம் விசாரித்தாயிற்று. இனி வருவதெல்லாம் கோபத்தில் எழுதுவது, அதனால் வேலைக்குப் போகும் வழியில் பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்காதே, வீட்டில் உட்கார்ந்து படி. போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ இருபது வார்த்தை பேசி, "சரிம்மா சரிம்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது பார்.

இந்த ஆசையை எனக்குள் போட்டதே நீதான், அதை முதலில் ஞாபகப்படுத்துகிறேன். போன வருஷம் போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, "அம்மா, இதுக்குப் பேரு பிரெஞ்சு பாப், எப்படி இருக்கு?" என்று கேட்டாய். தாடை வரைக்கும் முடி, முன்னால் புருவத்தைத் தொடாமல் ஒரு கத்தரிப்பு, உன் முகம் அப்போதுதான் துடைத்து வைத்தது போல இருந்தது. "நல்லா இருக்குடி" என்றேன். எனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று தோன்றியதை மட்டும் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் என் வேலை உனக்குத் தெரியும், நாள் முழுக்க அடுத்தவர் முகத்துக்கு ஃப்ரேம் மாட்டி, மூக்கில் சரியாக உட்காருகிறதா, காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா என்று பார்த்து, காதுப் பக்கத்தைச் சூடு காட்டி வளைத்துக் கொடுப்பேன். அவர்கள் எழுந்து போன பிறகு மேஜையில் இருக்கிற நிலைக்கண்ணாடியில் மிச்சம் இருப்பது என் முகம்தான். ஒரு நாள் கொண்டையை அவிழ்த்து, முடியைத் தாடையோரம் மடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி வந்து, "என்னக்கா, தலைவலியா?" என்றார். ஆமாம் என்றுவிட்டேன். அடுத்த விடுமுறையில் நேரே பார்லருக்குப் போனேன். அந்தப் பெண் என் முடியைக் கையில் எடுத்து எடை பார்ப்பது போல் தூக்கிப் பார்த்துவிட்டு, "எதுக்குக்கா வெட்டறீங்க, கொட்டுதா?" என்றாள். "இல்லம்மா, பிடிச்சிருக்கு" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கொட்டுதும்பாங்க, சூடுன்னுவாங்க, நேரமில்லன்னுவாங்க. பிடிச்சிருக்குன்னு இந்த நாற்காலியில உக்காந்து யாரும் சொன்னதில்லக்கா" என்றாள். முன்முடியை மட்டும் நன்றாகக் காயவைத்த பிறகே வெட்டினாள், ஈரத்தில் வெட்டினால் காய்ந்ததும் மேலே ஏறிக்கொள்ளுமாம். நான் அழுவேன் என்று பக்கத்தில் துண்டு எடுத்து வைத்திருந்தாள், நான் கண்ணாடியைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினால் உன் அப்பா திறந்து, "யாருங்க வேணும்?" என்கிறார். விளையாட்டாகக் கேட்கவில்லை, நிஜமாகவே ஒரு நொடி தெரியவில்லை. அப்புறம் என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "உனக்குக் காதுக்குப் பின்னால மச்சம் இருக்கா? இத்தனை வருஷமா யாருமே சொல்லலையே" என்றார். சொல்ல வேண்டிய ஆளே இவர்தான், யாரிடம் போய்ச் சொல்வது.

உன் அத்தைதான் முதலில் ஆரம்பித்தாள். வாசலில் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, என்ன வியாதின்னு சொல்லிடுங்க, மறைக்காதீங்க" என்று அழுதாள். வியாதி இல்லை, ஆசை என்றேன், அதைக் கேட்டு இன்னும் அழுதாள். அவள் அழுததில் எனக்குக் கோபம் இல்லை, அவள் சுபாவம் அது. உன் மேல்தான் கோபம். அவள் பேச்சைக் கேட்டு நீ என்ன செய்தாய்? என்னைக் கூப்பிடவில்லை, உன் அப்பாவைக் கூப்பிட்டாய். அவருக்குக் காது மந்தம், போன் எப்போதும் ஊருக்கே கேட்கும்படிதான் அலறும் என்பது உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. நான் பக்கத்திலேயே துணி மடித்துக்கொண்டிருந்தேன். "அப்பா, அம்மா ஒழுங்கா தூங்கறாங்களா? தனியா பேசிக்கிறாங்களா? யாராவது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, இந்த வயசுல திடீர்னு இப்படின்னா எனக்குப் பயமா இருக்கு" என்கிறாய். "தூங்கறா, குறட்டைகூட விடறா" என்று அவரும் பதில் சொல்கிறார். நீ வெட்டிக்கொண்டால் அது ஸ்டைல், நான் வெட்டிக்கொண்டால் டாக்டரா? அதே கத்தரிப்பு, அதே தாடை, அதே நெற்றி, உன் முகமே என் முகத்திலிருந்து எடுத்ததுதானே. அன்றே எழுதியிருப்பேன், பிள்ளை தூரத்தில் இருக்கிறது, பயந்துவிட்டது என்று விழுங்கிக்கொண்டேன். விழுங்கியது தப்பு.

அடுத்து உன் அப்பா பணி ஓய்வு பெற்ற விழா. அவர் அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் இந்தத் தலையோடுதான் மேடை ஏறினேன். படம் எவ்வளவு நன்றாக வந்திருந்தது! அவர் பூங்கொத்தோடு அசடு வழிய நிற்கிறார், நான் பக்கத்தில் கன்னம் முழுக்கத் தெரிகிற மாதிரி சிரிக்கிறேன். என் படம் ஒன்றைப் பார்த்து எனக்கே பிடித்துப்போனது அதுதான் முதல் தடவை. அதை ஆசையாக உனக்கு அனுப்பினோம். நீ வர முடியாததால் உன்னையும் பக்கத்தில் சேர்த்து, குடும்பப் படமாக்கி, உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினாய். திறந்து பார்க்கிறேன், என் உடம்புக்கு மேலே வேறு யாரோ. தோள் வழியாக முன்னால் தொங்குகிறது ஒரு பின்னல், என் கல்யாணத்தில்கூட எனக்கு அவ்வளவு கனமான பின்னல் கிடையாது. "அப்பாடா, அண்ணி பழையபடி ஆயிட்டாங்க" என்று உன் அத்தை எழுதியிருந்தாள். இது என் முடி இல்லையே என்று உனக்கு எழுதினால், சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டு, "சும்மா அழகுக்காகம்மா" என்று பதில் அனுப்பினாய். சும்மாவா? முகத்தில் பரு இருந்தால் அழிப்பார்கள், கண்ணில் வெளிச்சம் விழுந்தால் திருத்துவார்கள், பெற்றவளை அழித்துவிட்டு அந்த இடத்தில் இன்னொருத்தியை நிறுத்துவார்களா? அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, உன் அப்பாவுக்கும் அரைகுறையாகத்தான் பரிமாறினேன், பாவம் அவர் ஒன்றும் செய்யவில்லை.

அதற்குப் பிறகு உன் மாமியார் கடைக்கு வந்தார், படிக்கிற கண்ணாடியின் திருகு கழன்றுவிட்டது என்று. நான் உள்ளேயிருந்து வருகிறேன், என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "என்ன சம்பந்தி, படத்துல நீளமா இருந்துச்சே?" என்றார். உன்னைக் காட்டிக்கொடுப்பதா, என்னை மறைப்பதா? "படம் எடுத்த அப்புறம், போன வாரம்தான் வெட்டிக்கிட்டேன்" என்றேன். கையிலிருந்த திருகு தரையில் விழுந்து, இரண்டு பேரும் குனிந்து தேடினோம். நிமிர்ந்ததும் அவர், "எனக்கு இது பிடிக்கல சம்பந்தி. மனசுல ஒண்ணு வச்சுக்கிட்டு வெளிய வேற பேச எனக்கு வராது" என்றார். "உங்களுக்குப் பிடிக்கணும்னு நான் வெட்டலையே" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார், நானும் சிரித்தேன், டீ வரவழைத்துக் குடித்தோம். பிடிக்காதவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு என்னோடு டீ குடிக்கிறார், அதே முடியை வைத்திருக்கிற என் மகள் என் முதுகுக்குப் பின்னால் பின்னல் பின்னுகிறாள். கூச்சப்படாத ஒன்றுக்காக என்னைக் கூச்சப்பட வைத்தாய், சிட்டு. அந்தப் பொய்தான் எனக்கு ஆறவில்லை.

ஆறாததால் போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போனேன். உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில், சோபாவுக்கு மேலே, நீ அனுப்பிய படம், ஆள் உயரத்துக்குப் பாதி இருக்கும், சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். அதற்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டு சொல்லிவிட்டேன், "இது என் முடி இல்ல சம்பந்தி, உங்க மருமக ஒட்டினது. நான் விழாவுக்கு முன்னாடியே வெட்டியாச்சு, அன்னைக்குக் கடையில உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்" என்று. அவர் எழுந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, என் பின்னலை விரலால் தொட்டுப் பார்த்தார். "எதுக்கு இப்படிச் செஞ்சா? நான் ஏதாவது சொல்லிடுவேன்னா?" என்றார், குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அப்புறம் தன்னையே தேற்றிக்கொள்கிற மாதிரி, "போகட்டும், என் மருமக முடி எவ்வளவு நீளம் பாருங்க. வீடியோவில பேசறப்பதான் பாக்கவே முடியல, எப்பக் கூப்பிட்டாலும் அப்பத்தான் குளிச்சேன்னு தலையில துண்டோட வந்து நிக்கறா" என்றார். அப்போதுதான் நான் உன்னைப் பார்த்தேன். படம் வந்த நாளிலிருந்து எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பேன், என் தலையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. உனக்கும் இடுப்பு வரை பின்னல். முதலில் உனக்கு ஒட்டிக்கொண்டு, அது தனியாகத் தெரியக்கூடாதே என்று எனக்கும் ஒட்டியிருக்கிறாய்.

என் வாய் வரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். என் தலையைப் பற்றி மட்டும்தான் சொன்னேன், உன் தலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அது உன் தலை, அதை நீதான் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு பொய்யை இறக்கிவைக்கப் போன இடத்தில் உன்னுடையதைச் சுமந்துகொண்டு வர வைத்தாயே, அதற்கு எப்படிக் கோபப்படாமல் இருப்பேன்? வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே நடந்தேன், எதிரே வந்தவர் வழிவிட்டு ஒதுங்கினார். திட்டத் திட்டப் பாவமாகவும் இருந்தது. ஒரு வருஷமாகத் துண்டைக் கட்டிக்கொண்டு பேசுகிறாயே, அப்படி என்னடி பயம்? அவர் உன்னை விழுங்கிவிடுவாரா? உன் மாமியாரும் மாமனாரும் குளிர்காலத்தில் அங்கே வந்து உன்னோடு தங்கப்போகிறார்களே, அப்போது விடிந்ததிலிருந்து படுக்கிற வரை குளித்துக்கொண்டே இருப்பாயா? பிடிக்கவில்லை என்று சொல்வார். சொல்லட்டும், எனக்கும்தான் சொன்னார், என் தலையில் ஒரு முடியும் அதனால் உதிரவில்லை. இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கும் வரை எதுவும் கேட்க வேண்டாம் என்று அவரிடம் வார்த்தை வாங்கியிருக்கிறேன். அதற்குப் பிறகு அவர் கூப்பிடுவதற்கு முன்னால் நீயே கூப்பிடு, துண்டில்லாமல் கூப்பிடு. அந்தப் படத்தைக் கழற்றிவிட்டு, நானும் அப்பாவும் இருக்கிற நிஜப் படத்தை மாட்டப்போகிறாராம். அதற்குப் பக்கத்தில் உன் படத்துக்கு இடம் விடச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். உன் நிஜப் படத்தை அனுப்புவதும் அனுப்பாததும் உன் இஷ்டம். அனுப்பாவிட்டால் சுவரில் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும், அங்கே ஒரு பொய்யை மாட்ட நான் இன்னொரு தடவை துணை வரமாட்டேன்.

கோபம் இன்னும் போகவில்லை, எழுதினால் போகும் என்று உன் அப்பா சொன்னார், போகவில்லை. இருந்தாலும் நீயும் மாப்பிள்ளையும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், உன் மனசில் தைரியம் வர வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, அங்கே குளிர் ஆரம்பித்துவிடும், வெளியே போகும்போது பின்கழுத்துக்கு ஏதாவது சுற்றிக்கொள். முடி இல்லாத கழுத்தில்தான் குளிர் முதலில் ஏறுகிறது, எனக்கே இப்போதுதான் தெரிந்தது, உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
தாடை வரை முடியும் தலைக்கு மேல் கோபமும் உள்ள
உன் அம்மா