ஒரு பீட் முன்னால் வந்த பியானோ

என் அருமைச் சீனுவுக்கு,

நீ போய்ப் பத்து வருஷம் ஆகிறது. இப்போதுதான் உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். செய்தி நல்லது, அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன்: உன் மெட்டு மறுபடியும் சினிமாவில் வந்துவிட்டது.

போன மாதம் என் மருமகள் சுதா ஒரு புதுக் கன்னடப் படத்துக்கு அழைத்துப் போனாள். இடைவேளைக்குப் பிறகு ஒரு காட்சி. அப்பா இறந்த வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு பெண் கிளம்புகிறாள். பேச்சே இல்லை, பின்னணியில் வயலின்கள் மட்டும். இரண்டாவது வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. முப்பது வருஷத்துக்கு முன் நீ இசையமைத்த ஒரே படம், ஒரே வாரம் ஓடிய அந்தப் படம், அதில் நீ போட்ட மெட்டு! எழுந்து நின்றுவிட்டேன்.

"ஆன்ட்டி, உக்காருங்க, ஸ்கிரீன் மறைக்குது," என்றான் பின்னால் ஒருவன்.

"இது என் தம்பி ட்யூன்!"

"இருக்கட்டும் ஆன்ட்டி, உக்காந்தே கேளுங்க."

சுதா என் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். கோபத்தில் அதற்குமேல் எதுவும் என் காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் டைப்ரைட்டரை எடுத்தேன். என் இங்கிலீஷ் உனக்குத் தெரியாததா? திருட்டு என்று தொடங்கி, அந்த இசையைப் படத்திலிருந்து நீக்காவிட்டால் கோர்ட்டில் சந்திப்போம் என்று முடித்து, படத்தின் இசையமைப்பாளருக்கே அனுப்பினேன்.

நாலாம் நாள் அந்த மனிதரே அடுகோடியில் இருக்கும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். மஞ்சுநாத் என்று பெயர். நாற்பது வயதுக்குள் இருக்கும். கையில் ஒரு கேசட். காபி வேண்டுமா என்றுகூட நான் கேட்கவில்லை.

"அம்மா, நான் இங்க பக்கத்துல நீலசந்திராவில வளந்தவன். எங்கப்பா தியேட்டர்ல ஆபரேட்டர். உங்க தம்பி படம் ஓடின ஒரு வாரமும் நான் அப்பாவோட கேபின்லயேதான் இருந்தேன். அந்த மியூசிக்தான் என்னை இந்தத் தொழிலுக்குக் கொண்டாந்துச்சு. இது திருட்டு இல்லம்மா, அவருக்கு நான் பண்ற நமஸ்காரம்."

"எடுக்கறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"முழுசா கேட்டீங்களா?"

"கேக்கற நிலைமையில நான் இல்ல."

அவர் கேசட்டைப் போட்டார். வயலின்கள் இறங்கி வந்தன. அவை முடிவதற்குள் பியானோ நுழைந்தது. தாளத்தில் ஒரு பீட் முன்னால்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது, சீனு. அந்த இடத்தை நீயும் மறந்திருக்க மாட்டாய். மதராஸ் ரெக்கார்டிங்கில் பியானோக்காரர் வரவில்லை. கான்வென்ட்டில் எல்லாப் பியானோப் பரீட்சையும் தேறியவள் என்று, கூட வந்த என்னை உட்கார வைத்தாய். தேறியவள்தான் ஒரு பீட் முன்னால் விழுந்தேன். இன்னொரு டேக் எடு என்று கெஞ்சினேன். "இருக்கட்டும்க்கா. துக்கம் என்ன, டைம் பாத்தா உள்ள வரும்?" என்று சிரித்தாய். என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாய் என்றே நினைத்தேன்.

படம் விழுந்தது. உன்னை யாரும் மறுபடி கூப்பிடவில்லை. நீ அரசு வேலைக்கே திரும்பினாய். எல்லாம் என் தப்பால்தான் என்று இத்தனை வருஷமும் நம்பியிருந்தேன். உன்னிடம் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

"எங்க பியானோ பிளேயரும், 'சார், இது தப்பா விழுது'ன்னார்," என்றார் மஞ்சுநாத். "அப்படியே வாசிங்கன்னேன். திருட வந்தவன்னா அந்த இடத்தைச் சரி பண்ணிட்டுப் போயிருப்பான். எனக்கு அதுதாம்மா உயிர். உங்க தம்பி அதை எப்படித்தான் யோசிச்சாரோ!"

"அவன் யோசிக்கல. தப்பா வாசிச்சது நான்."

என் வாயால் அதைச் சொல்ல முப்பது வருஷம் ஆகியிருக்கிறது.

"அய்யோ, அது நீங்களா!" என்று சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். அடக்க முடியவில்லை. சுதா உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

"என்ன அத்தை, கேஸ் போடலையா?"

"போடல. அவருக்குக் காபி போடு."

என் புகாரை அன்றைக்கே எழுத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டேன். மஞ்சுநாத் உன் மெட்டை முழுசாக, உன் பெயர் போட்டு, கேசட்டில் கொண்டுவரப் போகிறார். பியானோ நான்தான் வாசிக்க வேண்டுமாம். வருகிற வியாழக்கிழமை ரெக்கார்டிங். என் வீட்டுக்காரர் போன பிறகு பூட்டியே கிடந்த பியானோவைத் திறந்து, ஆள் வைத்துச் சுருதி சேர்த்துப் பழகுகிறேன்.

ஒரே ஒரு சிக்கல். தப்பு வர மாட்டேன் என்கிறது! விரல்கள் தடித்துவிட்டன, ஆனால் கணக்கு பிசகவில்லை. ஒவ்வொரு தடவையும் சரியான இடத்தில் போய் இறங்குகிறேன். "அத்தை, ஒரே ஒரு தப்புப் பண்ணுங்க, ப்ளீஸ்," என்று சுதா கைகூப்புகிறாள். இந்தக் கூத்தை நீ பார்க்க வேண்டாமா?

கவலைப்படாதே. வியாழக்கிழமை நான் பீட்டை எண்ணப் போவதில்லை. உன்னை நினைத்துக்கொண்டு வாசிக்கிறேன், தானாக முன்னால் வந்துவிடும். இந்தத் தடவை இன்னொரு டேக் கேட்க மாட்டேன்.

உன்னைவிட நாலு வயது மூத்த,
உன் அக்கா